நின்ற இதயத்தை இயக்கிய கைகள்

இதைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, கழுத்தில் குரல்வளைக்குப் பக்கவாட்டில் மெல்ல வையுங்கள். விரலுக்கடியில் ஒரு துடிப்புத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எழுபதை ஒட்டிய ஓர் எண் கிடைக்கலாம். அப்படியானால் ஒரு நாளில் உங்கள் இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் அது வெளியே தள்ளும் இரத்தம் சுமார் 5 லிட்டர். மூன்று நிமிடத்தில் ஒரு குடம் நிரம்பிவிடும். கைவிரல்களை மடக்கி மூடினால் எவ்வளவு பருமன் இருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவே உள்ள ஒரு தசைப் பம்பு, பிறந்த நாளுக்கு முன்பிருந்தே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்தப் பம்பு திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? பத்துப் பதினைந்து விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். நான்கைந்து நிமிடம் கடந்தால் மூளையின் செல்கள் அழியத் தொடங்கும். மூளையிடம் பிராணவாயுச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. அன்றாடம் காய்ச்சியின் குடும்பம் போல, வருவதை அவ்வப்போது செலவிட்டு வாழும் உறுப்பு அது. நம் ஊர்களில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆகவே அந்த முதல் சில நிமிடங்களில் நடக்க வேண்டிய சிகிச்சை, பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது.

சி.பி.ஆர். என்ற மூன்றெழுத்தால் இன்று உலகெங்கும் அறியப்படும் அந்தச் சிகிச்சைக்குக் கருவி வேண்டாம், மருந்து வேண்டாம், பட்டம் வேண்டாம். இவ்வளவு எளிய ஒன்றை மனிதன் கற்காலத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அதன் முழு வடிவம் 1960-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதிலும், இதயத்தை வெளியிலிருந்து அழுத்தும் பகுதி ஒரு மின்பொறியியல் ஆய்வில், வேறொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. இயற்பியல் ஆசிரியனான நான் மருத்துவ வரலாற்றைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

மூச்சு ஊதிய காலம்

1732-இல் ஸ்காட்லாந்தில் அல்லோவா என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து புகையில் மூச்சடைத்த ஒரு தொழிலாளியை வெளியே தூக்கி வந்தார்கள். நாடித்துடிப்பு இல்லை, மூச்சு இல்லை. வில்லியம் டாசாக் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்துத் தம் மூச்சைப் பலமாக ஊதினார். தொழிலாளி பிழைத்தார். பாரிஸ் நகரின் அறிவியல் கழகமும் 1740-இல், நீரில் மூழ்கியவர்களுக்கு இப்படி ஊதுவதே சிறந்தது என்று பரிந்துரைத்தது.

1767-இல் ஆம்ஸ்டர்டாமில், நீரில் மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடும் ஊரில் அது தோன்றியதில் வியப்பில்லை. 1774-இல் இலண்டனிலும் அதுபோன்ற சங்கம் ஏற்பட்டது. இவர்கள் கையாண்ட முறைகள் எல்லாம் சரியானவை என்று எண்ணிவிடாதீர்கள். உடலைச் சூடேற்றுவது, தேய்த்துவிடுவது போன்றவற்றுடன், புகையிலைப் புகையைத் துருத்தியால் ஆசனவாய் வழியே செலுத்துவதும் அக்காலத்தில் மதிப்புக்குரிய சிகிச்சையாக இருந்தது! நல்லதும் கெட்டதும் ஒரே பட்டியலில் கிடந்தன. எது உயிரைக் காத்தது என்று பிரித்தறிய வழி இல்லை.

இந்த நிலையில் ஒரு வேடிக்கை நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரீஸ்ட்லி, ஷீலே, லவாய்சியர் ஆகியோரின் உழைப்பால் பிராணவாயுவைப் பற்றிய அறிவு பரவியது. நாம் வெளிவிடும் மூச்சில் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு கூடியிருக்கிறது என்று தெரிந்தது. உடனே, ஒருவர் பயன்படுத்திக் கழித்த காற்றை இன்னொருவருக்கு ஊதுவது தவறு என்ற கருத்து எழுந்தது. வாயால் ஊதுவது கைவிடப்பட்டுத் துருத்திகள் வந்தன. புதிய விஞ்ஞானம் பழைய நல்ல பழக்கத்தைத் தள்ளிவிட்டது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்த்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திராது. உள்ளே போகும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். வெளிவரும் காற்றில் 16 அல்லது 17 சதவீதம். உயிர் காக்க அதுவே போதும்.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கைகளை உயர்த்தித் தாழ்த்துவது, முதுகை அழுத்துவது போன்ற முறைகளே ஆட்சி செய்தன. 1858-இல் சில்வெஸ்டர், 1903-இல் ஷேஃபர், 1932-இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் என்று ஆளுக்கொரு முறை. முதலுதவிப் புத்தகங்களில் படங்களோடு இவை அச்சாயின. பள்ளிச் சாரணர்கள் மனப்பாடம் செய்தார்கள். இந்த முறைகளில் காற்று உண்மையிலேயே நுரையீரலுக்குள் போகிறதா என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

கேட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஈலம். வெளிவிடும் மூச்சாலேயே ஒருவரின் இரத்தத்தில் போதிய பிராணவாயுவை நிலைநிறுத்தலாம் என்பதை 1954-இல் அவர் அளவீடுகளுடன் காட்டினார். 1956-இல் ஒரு மருத்துவ மாநாடு முடிந்து கான்சஸ் நகரத்திலிருந்து பால்ட்டிமோர் வரை நெடுந்தூரம் காரில் பயணம் செய்தபோது, உடன் வந்த மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சஃபாரிடம் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். சஃபார் வியன்னாவில் பிறந்தவர். ஊர் சேர்ந்ததும் அவர் செய்த சோதனைகளை இன்று எந்தக் குழுவும் அனுமதிக்காது. தாமாக முன்வந்தவர்களுக்கு மயக்க மருந்தும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொடுத்து, அவர்களுடைய சொந்த மூச்சை நிறுத்தினார். பிறகு பழைய முறைகளையும் வாயால் ஊதும் முறையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஊதியவர்களில் மருத்துவம் படிக்காத சாதாரண மக்களும் இருந்தார்கள். முடிவு தெளிவாக இருந்தது. நினைவிழந்தவரின் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. பாதை அடைபட்டிருக்கும்போது முதுகை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, வாயால் ஊதினால் மார்பு எழும்புகிறது. பல தலைமுறைகள் படித்த பாடம் சில மாதச் சோதனையில் செல்லாக்காசாயிற்று.

மூச்சுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இதயமே நின்றுவிட்டால், நுரையீரலில் ஏற்றிய பிராணவாயுவை மூளைக்குச் சுமந்து செல்வது யார்?

கம்பத்தின் மேல் இறந்தவர்கள்

இக்கேள்விக்கு விடை வந்த பாதை வேறு. அது மின்கம்பங்களிலிருந்து தொடங்குகிறது.

1920-களில் அமெரிக்க நகரங்களில் மின்சாரம் வேகமாகப் பரவியது. கம்பி இழுக்கும் லைன்மேன்கள் அதிர்ச்சிக்குள்ளாகி இறப்பதும் பெருகியது. சில உடல்களில் பெரிய தீக்காயம்கூட இருக்காது. மின்சாரம் என்ன செய்து கொல்கிறது, கொன்றதை மீட்க முடியுமா என்று ஆராய மின் நிறுவனங்கள் பணம் கொடுத்தன. அந்த ஆய்வில் ஈடுபட்டவர்களுள் ஒருவர், பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் மின்பொறியியல் கற்பித்த வில்லியம் கூவன்ஹோவன். 1886-இல் பிறந்தவர்.

மின்சாரம் இதயத்தை எப்படி நிறுத்துகிறது? தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். ஒரு குரல் எழுந்ததும் எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பார்கள், தேர் நகரும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால்? அத்தனை பேரின் பலமும் செலவாகும், தேர் அசையாது. இதயத்தின் தசைநார்களுக்கும் அப்படி ஒரு குரல் உண்டு. அது இதயத்திலேயே பிறக்கும் ஒரு சிறு மின் துடிப்பு. வெளியிலிருந்து மாறுமின்னோட்டம் குறுக்கிட்டால் தாளம் குலைகிறது. ஒவ்வொரு நாரும் தன்னிச்சையாகத் துடிக்கிறது. இதயம் நடுங்குகிறது, இரத்தத்தைத் தள்ளுவதில்லை. இதற்குத் தேவையான மின்னோட்டம் உங்களைத் திடுக்கிட வைக்கும். கையிலிருந்து மார்பு வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே போதும். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்று எடுத்துக்கொள்வதைவிடக் குறைவு!

இந்த நடுக்கத்தை நிறுத்தவும் மின்சாரமே உதவும் என்பதை ஜெனீவாவின் பிரெவோ, பட்டெல்லி என்ற இருவர் 1899-இலேயே நாய்களிடம் கண்டிருந்தார்கள். சிறிய அதிர்ச்சி நடுக்கத்தை உண்டாக்கும். பெரிய அதிர்ச்சி அதை நிறுத்தும். வடம் பிடித்த எல்லோரையும் ஒரே அதட்டலில் நிறுத்தினால், அடுத்த குரலுக்கு அவர்கள் சேர்ந்து இழுக்கக்கூடும் அல்லவா? அதுபோலத்தான். அந்தப் பழைய கண்டுபிடிப்பு மறக்கப்பட்டுக் கிடந்தது. கூவன்ஹோவனும் ஹுக்கர், லாங்வொர்த்தி என்ற மருத்துவர்களும் 1930-களின் தொடக்கத்தில் அதை மீண்டும் நிலைநாட்டினார்கள்.

மனிதரிடம் அது முதன்முதலாக வெற்றி பெற்றது 1947-இல். கிளீவ்லண்டில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், அறுவைச் சிகிச்சையின் இறுதியில் இதயம் நின்றுபோன 14 வயதுச் சிறுவனின் மார்பை மறுபடி திறந்து, அரைமணி நேரத்துக்கும் மேலாக இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைந்து, பிறகு நேரே இதயத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சி மீட்டார். சிறுவன் நலமாக வீடு திரும்பினான். 1956-இல் பாஸ்டனில் பால் சோல், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தும் நடுக்கத்தை நீக்கலாம் என்று காட்டினார். ஆயினும் கருவி வந்து சேரும் வரை இரத்தம் ஓட வேண்டுமானால், கத்தியால் மார்பைத் திறந்து கையை உள்ளே விடுவதுதான் அன்றைய ஒரே வழி. அதாவது, அறுவைக் கூடத்துக்கு வெளியே இதயம் நின்றவர் இறந்தவரே.

மின்முனையின் எடை

கூவன்ஹோவன் 1954-இல் பதவி ஓய்வு பெற்றார். ஆய்வை விடவில்லை. மார்புக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தக்கூடிய, டிஃபிப்ரிலேட்டர் என்று அழைக்கப்படும் நடுக்க நீக்கிக் கருவியைச் செம்மைப்படுத்துவதே அவருடைய நோக்கம். ஆராய்ச்சி மாணவராக இருந்த கை நிக்கர்பாக்கர் அவருடன் வேலை செய்தார். அவரும் மின்பொறியியல் படித்தவரே. மயக்கிய நாய்களின் இதயத்தில் நடுக்கத்தை உண்டாக்கி, மார்பின் மேல் மின்முனைகளை வைத்து அதிர்ச்சி கொடுப்பார்கள். நாயின் இரத்த அழுத்தம் ஒரு தாளில் கோடாகப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

1958-இல் ஒருநாள் நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். மின்முனைகள் கனமான செம்புத் துண்டுகள். அவற்றை நாயின் மார்பில் அழுத்தி வைக்கும்போது, மின்சாரத்தைப் பாய்ச்சுவதற்கு முன்பே, இரத்த அழுத்தக் கோடு சற்றே மேலெழும்பியது.

இங்கே சற்று நிற்போம். ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நாம் எதிர்பார்க்கும் நேரத்தில் முள் அசைந்தால் பார்ப்போம். எதிர்பாராத நேரத்தில் அசைந்தால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போவோம். என் மாணவர்களும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான். சோதனையின் நோக்கம் மின்சாரம். மின்சாரம் பாயாத நேரத்தில் கோடு அசைந்தால் யாருக்கு என்ன? ஆனால் நிக்கர்பாக்கர் கேட்டார்: வெறும் அழுத்தமே இரத்தத்தை நகர்த்துகிறதா?

அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார்கள். நின்ற இதயமுள்ள நாயின் உடலில் இரத்தம் ஓடியது. ஒரு சந்தர்ப்பத்தில் ஒரு நாயின் இதயம் எதிர்பாராமல் நடுக்கம் கண்டபோது, கருவி வேறொரு மாடியில் இருந்தது. அது வந்து சேரும் வரை, இருபது நிமிடத்தை ஒட்டிய நேரம், மார்பை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அதிர்ச்சி கொடுத்ததும் நாய் பிழைத்தது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் இதன் பொருளை உடனே உணர்ந்து அவர்களுடன் சேர்ந்துகொண்டார். எங்கே அழுத்துவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று மூவரும் ஓயாமல் சோதித்தார்கள்.

1959 ஜூலையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பித்தப்பை அறுவைக்காக வந்த 35 வயதுப் பெண்மணிக்கு மயக்க மருந்து கொடுத்தபோது இதயம் நின்றது. வழக்கப்படி கத்தியை எடுக்காமல், ஜூட் மார்பெலும்பின் மேல் கைகளை வைத்து அழுத்தினார். நாடி திரும்பியது. திட்டமிட்ட அறுவையும் நடந்து, அவர் முழுநலம் பெற்றார்.

1960 ஜூலை 9-ஆம் நாளிட்ட அமெரிக்க மருத்துவக் கழக இதழில் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளிகள், 14 பேர் பிழைத்தனர். எவரும், எங்கும் இதைச் செய்யலாம், தேவை இரண்டு கைகள் மட்டுமே என்பது அக்கட்டுரையின் சாரம். அந்த 70 சதவீதத்தைப் பார்த்து நாம் மயங்கிவிடக்கூடாது. அவர்களில் பலர் மருத்துவர்களின் கண்ணெதிரில் இதயம் நின்றவர்கள். தெருவிலும் வீட்டிலும் இதயம் நிற்பவர்களில், நல்ல வசதியுள்ள நாடுகளிலேயே இன்றும் பத்தில் ஒருவரளவே பிழைத்து வீடு திரும்புகிறார். ஆனால் உடனே அழுத்தத் தொடங்கினால் வாய்ப்பு இரு மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல் உயர்கிறது. எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது.

வரலாற்றின் இன்னொரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். ஜெர்மனியின் காட்டிங்கன் நகரில் ஃபிரெடரிக் மாஸ் என்ற இளம் மருத்துவர், குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயம் நின்றவர்களை மார்பை வெளியிலிருந்து அழுத்தி மீட்டு, 1892-இலேயே எழுதி வைத்திருந்தார். மெதுவாக அழுத்தியபோது பயன் இல்லை. பதற்றத்தில் நிமிடத்துக்கு 120 தடவை அளவுக்கு வேகமாக அழுத்தியபோது நாடி வந்தது என்பது அவர் கண்டது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1960-ஆம் ஆண்டுக் கட்டுரை நிமிடத்துக்கு 60 தடவை, 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழம் என்றது. இன்றைய விதி நிமிடத்துக்கு 100 முதல் 120. மாஸ் பதற்றத்தில் செய்ததுதான் சரியாக இருந்தது!

ஒரே நகரில் இரு கண்டுபிடிப்புகள். சஃபாரின் மூச்சும் கூவன்ஹோவன் குழுவினரின் அழுத்தமும் 1960-இல் ஒன்றிணைந்தன. அதே ஆண்டில் நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்மண்ட் லேர்டால், பயிற்சிக்கென ஓர் ஆளுயரப் பொம்மை செய்தார். அதன் முகம், பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு உலகெங்கும் எத்தனையோ பேர் அந்த முகத்தில் மூச்சு ஊதிப் பழகியிருக்கிறார்கள். பெரியவர் கூவன்ஹோவனுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1969-இல் கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. அவருக்கு அப்போது வயது 83.

அழுத்தும்போது என்ன நடக்கிறது?

மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இதயம் நசுங்கி, வால்வுகள் ஒரு திசையில் மட்டும் திறப்பதால் இரத்தம் முன்னோக்கிப் போகிறது என்பது கூவன்ஹோவன் குழுவினரின் விளக்கம். 1976-இல் கிரைலி என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஒரு புதிரை வெளியிட்டார்கள். இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சோதனை செய்யும் அறையில் சில நோயாளிகளுக்கு நடுக்கம் ஏற்பட்டது. உடனே பலமாக இருமச் சொன்னார்கள். இருமிக்கொண்டே இருந்தவர்கள் சில பத்து விநாடிகள் நினைவு தப்பாமல் இருந்தார்கள். யாரும் இதயத்தை நசுக்கவில்லை. மார்புக்கூட்டின் அழுத்தம் ஏறி இறங்கியதே இரத்தத்தைத் தள்ளியது. ஆகவே மார்புக்கூடு முழுவதுமே ஒரு பம்பாக வேலை செய்கிறது என்ற இரண்டாவது விளக்கம் பிறந்தது. இரண்டிலும் உண்மை உண்டு என்று கொள்வதே பொருத்தம்.

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் இருமிக்கொண்டே இருங்கள், பிழைப்பீர்கள் என்று கைபேசியில் சுற்றும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் இந்தச் சோதனையாக இருக்கக்கூடும். அதை நம்பாதீர்கள். திரையில் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டு மருத்துவர் பக்கத்தில் நின்று ஆணையிட்ட நிலைமை அது. வீட்டில் மார்வலி வந்தவர் இருமிக்கொண்டு நேரத்தை வீணாக்கக்கூடாது. உடனே உதவிக்கு அழைக்க வேண்டும். இன்னொன்று: மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பில் இதயத்தசைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுகிறது, நோயாளி பேசிக்கொண்டிருக்கலாம். அவர் மார்பை அழுத்தக்கூடாது. அதன் விளைவாக இதயம் நின்று, நினைவும் மூச்சும் போன பிறகே அழுத்தும் வேலை.

சரியாக அழுத்தினாலும் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிடைக்கும். அதனால்தான் இடைவிடாமல் செய்யவேண்டியிருக்கிறது. கையை எடுத்தால் அழுத்தம் சட்டென இறங்கிவிடும். மறுபடி ஏற்றப் பல அழுத்தங்கள் தேவைப்படும். அடிகுழாயில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு திருமண மண்டபத்தில்

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவர் வாளியோடு சாய்ந்தார். கூட்டம் கூடியது. ஒருவர் சோடா உடைத்துவந்தார். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள். கீழே கிடந்தவரின் வாய் திறந்து, இடைவெளி விட்டு விட்டு ஓர் இழுப்புச் சத்தம் வந்தது. "மூச்சு வருது, பயமில்லை" என்றார் பெரியவர் ஒருவர். எல்லோருக்கும் ஆறுதல். பெரியப்பா என் தோளைத் தொட்டு, "தம்பி, நீ காலேஜ் வாத்தியார்தானே? சயின்ஸ் படிச்சவன், பார்த்துச் சொல்லேன்" என்றார்.

ஈர உடலின் மின்தடை எத்தனை ஓம் என்று அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கையில் தண்ணீர்த் தம்ளருடன் நின்றேன். காரைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அந்த இழுப்பு மூச்சு அல்ல என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளைத்தண்டு எழுப்பும் கடைசி அசைவு அது. நின்றுபோன இதயத்தின் அடையாளமாக அதைக் கொள்ளவேண்டுமே தவிர, மூச்சாக எண்ணி ஆறுதல் அடையக்கூடாது. அழுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. யாரும் அழுத்தவில்லை என்பது தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒருவர் திடீரென விழுந்துவிட்டால், முதலில் சுற்றிலும் பாருங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் இணைப்பைத் துண்டிக்காமல் தொடாதீர்கள். இல்லாவிடில் விழுந்தவர் இருவராவர். தோள்களைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் மார்பு இயல்பாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் இதற்குச் செலவிட வேண்டாம். தொடக்கத்தில் செய்த கழுத்துச் சோதனையை இங்கே செய்ய முயலாதீர்கள். பதற்றத்தில் உங்கள் விரலின் துடிப்பே உங்களை ஏமாற்றும். பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் அவருடைய இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ளுங்கள். ஒருவரைக் குறிப்பிட்டுச் சுட்டி, 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அவரைக் கட்டாந்தரையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பக்கத்தில் மண்டியிட்டு, மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் வையுங்கள். முழங்கையை மடக்காதீர்கள். கைவலிமையால் அல்ல, மேலுடம்பின் எடையால் அழுத்துங்கள். மார்பு 5 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். 6-ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலே வர விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மறுபடி இரத்தம் நிறையும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக. விலா எலும்பு முறியும் ஓசைகூடக் கேட்கலாம். நிறுத்தாதீர்கள்.

பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு ஒருமுறை தலையைச் சாய்த்து, மூக்கை மூடி, இரண்டு தடவை மூச்சு ஊதலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் மட்டும் போதும் என்று 2008 முதல் அமெரிக்க இதயக் கழகம் கூறிவருகிறது. திடீரென்று இதயம் நின்றவரின் இரத்தத்தில் சில நிமிடத்துக்கு வேண்டிய பிராணவாயு மீதம் இருப்பதே காரணம். 2010-இல் வரிசையும் மாறியது. முதலில் மூச்சு என்பது போய் முதலில் அழுத்தம் என்றாயிற்று. அழுத்தினால் மட்டும் போதும் என்பது நீரில் மூழ்கியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பொருந்தாது. அவர்களிடம் பிராணவாயு தீர்ந்த பிறகே பெரும்பாலும் இதயம் நிற்கிறது. எனவே ஊதுவதும் அவசியம். ஆம்ஸ்டர்டாம்காரர்கள் நினைத்தது அந்த அளவில் சரிதான். குழந்தைகளுக்கான ஆழமும் கை வைக்கும் விதமும் வேறு. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆகியவை நடத்தும் முதலுதவி வகுப்புகளில் கற்றுக்கொள்ளலாம்.

விமான நிலையம் போன்ற இடங்களில் சுவரில் தானியங்கி நடுக்க நீக்கிகள் உண்டு. திறந்தால் அதுவே குரலில் வழிகாட்டும். இதயத்தின் மின்குறியைத் தானே படித்து, தேவையில்லாவிட்டால் அதிர்ச்சி தராது. கூவன்ஹோவன் சக்கரம் வைத்துத் தள்ளிய பெட்டி கைப்பை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஆனால் அது வந்து சேரும் வரை, அன்று போலவே இன்றும் கைதான்.

இதை ஒருபோதும் நலமாயிருக்கும் ஒருவர் மேல் பழகிப் பார்க்காதீர்கள். கடந்த பருவத்தில் எங்கள் ஆய்வகத்தில் வேறு வழி செய்தோம். எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, அதன்மேல் மாணவர்களை மண்டியிட்டு அழுத்தச் சொன்னோம். மார்பை 5 சென்டிமீட்டர் அமுக்க, ஆளுக்கேற்ப 40 முதல் 50 கிலோகிராம் எடையளவு விசை தேவை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒருவன் எண்ணினான். முதல் நிமிடம் முள் 50-ஐத் தொட்டுத் தொட்டு வந்தது. விளையாட்டு வீரனான மாணவன், வியர்வை மூக்கு நுனியில் தொங்க, தான் தளரவே இல்லை என்றான். முள் 35-இல் இருந்தது. அழுத்துபவருக்குத் தம் தளர்ச்சி தெரிவதில்லை. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்கிறார்கள். நாங்களும் மாற்றினோம். அவன் கையை எடுத்த அதே நொடியில், எதிரே காத்திருந்த மாணவி தன் கைகளை வைத்தாள். முள் மறுபடி 50-க்குப் போனது.